ஏழாம் எண் நிறம்

தேவாத்தாள் தன் முதலாளி சிவமலைக்குத் தர வேண்டியது நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். அது கடனாக வாங்கிய பணமல்ல. கையெழுத்துப் போட்டதால் தலையில் விழுந்த பணம்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் அப்படி ஒரு வழக்கம். சாயம் ஏறிய துணி வெளியே போகுமுன் நிறத்தைப் பார்த்து 'ஷேடு சரி' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். துணி திரும்பி வந்தால் நட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அவர் தலையில் விழும். ஒரு காலத்தில் அது நியாயமாகத்தான் இருந்தது. ஷேடு பார்க்கிறவர் தன் கண்ணால் பார்த்தார். தப்பாகப் பார்த்தால் பங்கு கொடுத்தார். பிறகு நிறச்சான்றுப் பெட்டி வந்தது. துணியை உள்ளே வைத்தால் மூன்று நொடியில் நிறத்தின் எண்ணைச் சொல்லிவிடும். கண்ணுக்கு வேலை போயிற்று. கையெழுத்துக்குப் போகவில்லை. பெட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, நட்டத்தையும் அது ஏற்காது. அதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் கருநீலத்தில் ஒரு லாட் துணி. பெட்டி சரி என்றது. தேவாத்தாளின் கண் சரியில்லை என்றது. பெட்டி சொன்னபடி கையெழுத்துப் போட்டாள். துணி திரும்பி வந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தும், வட்டி சேர்ந்து அந்தத் தொகை அவள் வயதைப் போல ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது வந்திருந்தது தொண்ணூறாயிரம் சட்டை. கோர்வானா நாட்டில் நடக்கப்போகும் உலகக் கால்பந்துக்கு. ஆடுகிறவர்களுக்கல்ல, பார்க்க வருகிறவர்களுக்கு. வாசலில் சொந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டுமாம். நிறம் சாம்பல்.

"சாயம் பாசிச் சாயம்," என்றார் சிவமலை. "கறுப்புச் சாயம் விக்கிற வெலைக்கு நாம கடையைச் சாத்தீட்டுப் போக வேண்டியதுதான். பெட்டியில வெச்சுப் பாத்தாச்சு, எண் அப்படியே விழுகுது."

குளத்தில் படரும் பாசியை ஆலையில் வளர்த்து, பிழிந்து எடுக்கும் சாயம் அது. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட, பட்டறையில் ஷேடு பார்க்கிற மற்ற இரண்டு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

"இந்த லாட் கிளெய்ம் இல்லாமப் போயிருச்சுன்னா உன்ற கணக்கை முழுசா அடிச்சர்றேன் தேவாத்தா."

"எழுதிக் குடுங்க."

"ஏன், என்ற வாயில நம்பிக்கை இல்லியா?"

"வாய்மேல நம்பிக்கை இருக்குதுங்க. கையெழுத்துன்னாத்தான் எனக்கு பயம். நீங்களும் ஒருக்கா போட்டுப் பாருங்க, எப்படியிருக்குதுன்னு."

சிரித்தபடியே எழுதிக் கொடுத்தார். நட்டஈடு கேட்டுக் கிளெய்ம் வந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு பேருமே பேசவில்லை. உலகப் போட்டிச் சரக்குக்குக் கிளெய்ம் என்றால் கோடியில் வரும். அதில் பத்தில் ஒன்றை அடைக்க அவளுக்கு இன்னும் மூன்று ஆயுள் வேண்டும்.

சாம்பல் நிறம் எதற்கு என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்: விலக்கிய நிறத்தைப் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வந்துவிடக்கூடாது. சுவரில் நிறப்பட்டியல் ஒட்டியிருந்தது. விலக்கப்பட்ட நிறங்கள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கும் எண்கள்தான் இருந்தன; எதற்கும் மாதிரித் துண்டு இல்லை. விலக்கிய நிறத்தை அச்சடிப்பதே குற்றம் என்பதால், எதைச் செய்யக்கூடாது என்று சாயக்காரனுக்குக் காட்ட வழியில்லை.

அதில் ஏழாம் எண் கோர்வானாவுடையது. விளையாட்டரங்கம் கட்ட அங்கே பழைய நகரத்தில் பதினோராயிரம் ஓட்டு வீடுகளை இடித்தார்கள். ஊர்வலத்துக்கு அனுமதியில்லை, கோஷத்துக்கு அனுமதியில்லை. அடுத்த வருடம் ஓர் ஓட்டப்பந்தயக்காரி தன் காலணி நாடாவைச் சுட்ட ஓட்டின் நிறத்தில் கட்டிக்கொண்டு ஓடினாள். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. அடுத்த போட்டியில் ஆயிரம் பேர் அந்த நிறத்தில் கைக்குட்டை வைத்திருந்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. பேசாதவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

அப்போதுதான் நிறவடி வந்தது. ஒளிப்படக் கருவிக்குள் உட்கார்ந்துகொண்டு, சொன்ன நிறத்தை மட்டும் வடித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பலைப் பூசிவிடும். ஒரு நாடு செய்ததும் மற்ற நாடுகளும் தங்களுக்குப் பிடிக்காத நிறங்களைப் பதிவு செய்தன. கைபேசி செய்கிறவர்கள் நாட்டுக்கு ஒன்றாகச் செய்ய அலுத்துப்போய் எல்லா நிறத்தையும் எல்லாக் கைபேசியிலும் போட்டுவிட்டார்கள். எங்கோ யாரோ நாடா கட்டியதற்கு, இங்கே கல்யாணப் படத்தில் கூறைப்புடவை சாம்பலாக விழுந்தது. முதலில் சண்டை போட்டார்கள். பிறகு ஜவுளிக்கடைக்காரர்களே எண் பார்த்துப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு யாரும் அதைப் பேசுவதில்லை.

ஷேடு பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாட்டிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். போகிற இடத்திலெல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். டீக்கடை வெளிச்சத்தில், பேருந்துக்குள், கோயிலில் தீபத்துக்குப் பக்கத்தில். துணியின் நிறம் பாதிதான் துணியில் இருக்கிறது. மீதிப் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது ஒரே வெளிச்சம், நடுப்பகல் வெளிச்சம். பெட்டி வந்து இத்தனை வருடமாகியும் தேவாத்தாளுக்கு இந்தப் பழக்கம் போகவில்லை.

சரக்குக் கிளம்ப நான்கு நாள் இருந்தபோது அவள் கீரைக் கூடத்துக்குப் போனாள். மண்ணில் கீரை வளர்த்த காலம் போய், மூடிய கூடத்துக்குள் அடுக்கடுக்காகத் தட்டு வைத்து விளக்கில் வளர்க்கிறார்கள். வேலை விட்டு வருகிற பெண்கள் அங்கேயே நின்று கிள்ளி வாங்கிப்போவார்கள்.

"ஏனக்கா, இடுப்புல என்ன நெருப்பை முடிஞ்சு வெச்சிருக்கறீங்க?" என்றாள் கூடத்துக்காரி பாப்பாத்தி.

தேவாத்தாள் குனிந்து பார்த்தாள். கூடத்தின் ஊதா வெளிச்சத்தில் கீரை கறுப்பாகத் தெரிந்தது, அவள் புடவை கறுப்பாகத் தெரிந்தது. துண்டு மட்டும் சூளையிலிருந்து எடுத்த ஓடு மாதிரி சிவந்து கிடந்தது. வாசலுக்கு வந்தாள், சாம்பல். உள்ளே போனாள், ஓடு. நாலு தரம் போய் வந்தாள்.

"புத்தி கித்தி பெரண்டுருச்சா?" என்று பாப்பாத்தி சிரித்தாள். "பாசியே அப்படித்தான் அக்கா. இந்தத் தொட்டி ஓரத்துல கொஞ்சம் படரும். செடி குடிக்கிற வெளிச்சத்தை அதும் குடிச்சுட்டு, மிச்சத்தைச் செவப்பாத் துப்பும்."

துணியான பிறகுமா துப்பும் என்று தேவாத்தாள் கேட்கவில்லை. கண்ணெதிரில் துப்பிக்கொண்டுதான் இருந்தது. முதலாளிக்குக் காட்டக் கைபேசியில் படம் எடுத்தாள். படத்தில் துண்டு சாம்பல். ஆனால் அவள் துணிக்காரி. மடிப்பு இல்லை, நிழல் இல்லை, நூலோட்டம் இல்லை. துண்டு இருந்த இடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டுச் சாம்பலை அடைத்த மாதிரி இருந்தது. அது துணியின் சாம்பல் அல்ல, வடியின் சாம்பல். நாற்பத்தொன்றில் ஏதோ ஒன்று அவள் கையில் இருந்தது. எது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலையில் சிவமலையின் மேசையில் துண்டை வைத்துச் சொன்னாள். அவர் துண்டைப் பார்த்தார். கைபேசிப் படத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் சாம்பல்தான?"

"படத்துல இருக்கறது வடி போட்டதுங்க. நேர்ல வந்து பாருங்க. கூடம் பக்கத்துலதான்."

"பெட்டி என்ன சொல்லுது?"

"சாம்பலுங்குது."

"அப்பறம்? மேட்ச் என்ன கீரைக் கூடத்துலயா நடக்குது?"

"அங்க என்ன வெளக்குப் போட்டிருக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க முதலாளி."

"கேட்டா, சட்டை வாங்கறவன் ஏண்டா கேக்கறேம்பான். அப்பறம் லாட்டைப் பிரிச்சுப் பாப்பான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லை, அவரும் வங்கிக்காரனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்த மனிதர்தான். "இதா பாரு, உனக்கு மனசில்லீன்னா நிறுத்திரு. தொண்ணூறாயிரத்தையும் பிரிச்சு மறுக்காச் சாயம் போடலாம். அந்தச் செலவுல உன்ற பங்கை நீ ஏத்துக்கணும். பெட்டி சரின்னு சொன்ன துணிய நீதான நிறுத்தறே?"

கையெழுத்துப் போட்டால் ஒருவேளை கடன். போடாவிட்டால் நிச்சயம் கடன். அவள் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். துணிச்சல் ஒன்றுமில்லை. நாலு நாளாக இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தாள். அந்த நாற்காலியை விட்டு எழுந்து போனால் போதுமென்று இருந்தது.

போட்டியன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கேண்டீனில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயத் தொட்டி ஓட்டும் பிபின் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். ஒடிசாவிலிருந்து வந்து இருபது வருடமாகிறது; அவன் பேசுவதைக் கேட்டால் அவிநாசிக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

"வாங்க்கா. நம்ம சட்டை டிவியில வருது. ஊருக்குப் போன் போட்டு, முன் வரிசையில உக்காந்திருக்கறவன் போட்டிருக்கறது நான் முக்குனதுன்னு சொல்லிட்டேன்."

"எந்த வரிசைக்காரன்?"

"எல்லா வரிசைக்காரனும் நான் முக்குனதுதானுங்களே."

தொண்ணூறாயிரம் சாம்பல் சட்டை. மடிப்பும் நிழலுமாக நல்ல துணி. தேவாத்தாள் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தாள். அந்த அரங்கம் கூரை போட்டு மூடியது. வெயில் படாத இடத்தில் புல் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அங்கே ஆட்டத்துக்கு ஒரு விளக்கு, புல்லுக்கு ஒரு விளக்கு என்று தனித்தனியாக வைக்கவில்லை. மின்சாரச் செலவைக் குறைக்க இரண்டையும் ஒரே விளக்கில் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். உள்ளே செடி குடிக்கிற வெளிச்சம் இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது அதை முழு வீச்சில் ஏற்றினார்கள்.

திரையில் பார்வையாளர்கள் காணாமல் போனார்கள்.

சட்டை இருந்த இடமெல்லாம் தட்டையான சாம்பல். தலைகள் மட்டும் மிதந்தன. சட்டையின் சிவப்பு முகவாயில் அடித்ததில், வடி முகத்திலும் பாதியை எடுத்துவிட்டது. இத்தனை வருடமாக ஓர் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி சாம்பல் விழும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்து பழகிய கண்கள்தான் எல்லாருக்கும். இன்று மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல் இருந்தது. வர்ணனை செய்தவர் "இன்று அரங்கு நிறைந்த..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"அக்கா, நம்ம சட்டை எங்க போச்சு?" என்றான் பிபின்.

"அங்கதான் இருக்குது."

"காணமே."

"காணமுன்னாத்தான் இருக்குதுன்னு அர்த்தம். சோத்தைத் தின்னு."

அவளால் அதற்குமேல் தின்ன முடியவில்லை. தட்டை எடுத்துப்போய்க் கழுவினாள்.

உள்ளே நடந்தது பிறகு ஆள் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. படம் எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. விளக்கு ஏறியதும் தொண்ணூறாயிரம் பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். எல்லோர் மேலும் ஓட்டு நிறம். காவலர் மேல், அதிகாரிகள் மேல், மேல்வரிசையில் அமைச்சர்கள் மேல். இடித்தவரும் இடிபட்டவரும் ஒரே நிறம். கழற்றலாமென்றால், அரங்குக்குள் அந்தச் சட்டையைக் கழற்றுவது இரண்டு வருடச் சிறைக்குரிய குற்றம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களே மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. பந்து உதைபடும் சத்தம் மட்டும் ஒன்றரை மணி நேரம் கேட்டதாம்.

போட்டி முடிந்த ஒன்பதாம் நாள் ஆய்வாளர் வந்தாள். சட்டை வாங்கிய கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து, ரோஸ்லின் என்று பெயர். பையில் ஒரு சட்டையும், கைபேசியில் பதினோரு கோடிக்குக் கிளெய்ம் படிவமும் கொண்டுவந்திருந்தாள். சிவமலைக்கு வியர்த்தது. கேட்டதற்கெல்லாம் "பெட்டியைக் கேளுங்க மேடம்" என்றார். பெட்டியைக் கேட்டார்கள். சட்டையை உள்ளே வைத்தால் சாம்பல் என்றது. ஆறு தரம் வைத்தார்கள், ஆறு தரமும் சாம்பல்.

"ஷேடு சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

சிவமலை தேவாத்தாளைக் காட்டினார். ரோஸ்லின் அவளைத் தனியாக அழைத்துப் போய் உட்கார்ந்தாள். அவளும் இரவெல்லாம் பேருந்தில் வந்தவள், கண் செருகியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். பெட்டி சொன்னது எனக்குத் தெரியும். நீங்க என்ன பாத்தீங்க?"

பெட்டி வந்ததற்கப்புறம் இந்தக் கேள்வியை யாரும் தேவாத்தாளிடம் கேட்டதில்லை. ஒரு கோடியே பத்து லட்சம் என்று மனசு கணக்குப் போட்டது. 'சாம்பல்தானுங்க' என்று சொல்ல வாயும் தயாராகத்தான் இருந்தது.

"சட்டையை எடுத்துட்டு என்ற கூட வாங்க," என்றாள்.

கீரைக் கூடத்துக்குள் ரோஸ்லின் சட்டையை விரித்தாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள், சுட்டுவிடும் என்பது போல.

"ஐயோ," என்றாள் மெதுவாக. "இதுவா ஏழு? நான் இந்த வேலைக்கு வந்து எட்டு வருஷம். இப்பத்தான் பாக்கறேன்."

"முன்னாடியே பாத்திருப்பீங்க. ஓட்டு வீட்டு மேல."

"எங்க ஏரியால ஏதுக்கா ஓட்டு வீடு?" கைபேசியில் படம் எடுத்தாள். சாம்பல். வேறு கைபேசியில் எடுத்தாள். சாம்பல். தொட்டி மேல் உட்கார்ந்து கைபேசிப் படிவத்தில் தட்டினாள்: 'ஏழாம் எண் நிறம் காணப்பட்டது.' படிவம் அதை ஏற்காமல் திருப்பியது. இன்னொரு மாதிரி எழுதினாள். திருப்பியது.

"என்னுங்க ஆச்சு?"

"கோர்வானாக்காரங்க போட்டி தொடங்கறதுக்கு முன்னாடியே கால்பந்து சங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, எங்க அரங்குல ஏழு இருக்காதுன்னு. இருந்தா சட்டை விலைக்கு நூறு மடங்கு அவங்க அபராதம் கட்டணும். அதனால காரணத்துல ஏழுன்னு எழுதவே முடியாது. கிளெய்ம் போடுன்னு அனுப்பினதும் அவங்கதான். என்ன குறைன்னு எழுதக்கூடாதுங்கறதும் அவங்கதான்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இதைவிடக் கேளுங்க. இப்ப ஊர் ஊரா ஜனங்க சாம்பல் சட்டை போட்டுக்கிட்டு மேட்ச்சுக்குப் போறாங்களாம், சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு. சாம்பலையும் நாப்பத்திரெண்டாம் எண்ணாப் போடுங்கன்னு அஞ்சு நாடு கேட்டிருக்கு. வடி செய்யற எஞ்சினியருங்க திருப்பிக் கேட்டாங்களாம்: சாம்பலை எடுத்துட்டு அந்த எடத்துல என்னத்தைப் பூசறது?"

பாப்பாத்தி இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்கள்.

"நீங்க சொன்னது நெஜம்க்கா," என்றாள் ரோஸ்லின் எழுந்திருக்கும்போது. "நானும் என் கண்ணால பாத்துட்டேன். ஆனா பாத்ததை எழுத எனக்கு எடமில்ல."

பட்டறைக்குத் திரும்பியதும் படிவத்தை முடித்துத் தாளில் அச்செடுத்தாள். 'பொருளில் குறை இல்லை. கிளெய்ம் இல்லை.' சிவமலை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தைக் கையெழுத்துப் போட்டவர்தான் நிரப்ப வேண்டும் என்று ரோஸ்லின் அதைத் தேவாத்தாள் பக்கம் தள்ளினாள். அதில் இரண்டு கட்டம் இருந்தது. 'பெட்டி காட்டியது' என்ற கட்டத்தில் 'சாம்பல்' என்று ஏற்கெனவே அடித்திருந்தது. பக்கத்தில் 'கண்ணால் கண்டது' என்பது காலியாக இருந்தது. அந்தக் கட்டம் கையால் எழுதுவதற்கென்று விட்டது. எது எழுதினாலும் படிவம் திருப்பாது.

தேவாத்தாள் பேனாவை எடுத்தாள். ஓடு என்று இரண்டெழுத்து எழுதினால், பெட்டியைவிட அவள் கண் சரியாகப் பார்த்தது என்று உலகத்தில் ஒரு காகிதம் இருக்கும். ஆனால் துணியில் குறை இருந்ததாக அவளே ஒப்புக்கொண்டதாகி, கிளெய்ம் திரும்ப வரும்; அந்தக் காகிதத்தின் விலை ஒரு கோடியே பத்து லட்சம். சாம்பல் என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் கருநீலத்திலிருந்து இதுவரை அவள் பார்த்தது எதுவும் பார்த்ததாக ஆகாது.

"எழுதுங்கக்கா," என்றாள் ரோஸ்லின். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்."

சிவமலை அலமாரியைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து, அவள் கணக்கு இருந்த தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் 'சாம்பல்' என்று எழுதினாள். எழுத்தெழுத்தாக, அழுத்தி. ரோஸ்லின் படிவத்தை மடித்துப் பையில் வைத்ததும், சிவமலை நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்று அறுபதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினார்.